ரன்னர் சாரின் நாலாவது ஃபைனல்

ஆவாரம்பேட்டை மில் மைதானத்தில் நடந்த அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியின் ஃபைனலில், எங்கள் மில் டீம் ஒரு பாயிண்ட் பின்தங்கி இருந்த கடைசி நொடியில், தவசிமுத்து என்ற பையன் எறிந்த பந்து மேலே போனது, முடிவு மணி அடித்தது, பந்து கீழே வரவில்லை. வளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், வளையத்தைவிட ஓர் ஆள் உயரம் மேலே, அதன் கறுப்பு வரிகள் கேலரியின் கடைசிப் படியிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அது நின்றுகொண்டது. சுற்றிலும் உட்கார்ந்திருந்த ஜனம் முதலில் கத்திக்கொண்டே பார்த்தது, பிறகு கத்தாமல் பார்த்தது, பிறகு கழுத்து வலித்ததால் கடலைக்காரரைக் கூப்பிட்டது.

பந்து ஏன் நின்றது என்று எங்கள் ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. நின்றுவிட்டது, அவ்வளவுதான், இனி ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டும். ஆக வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் திருச்சியிலிருந்து வந்திருந்த ரெஃப்ரி உதுமான். அவர் பந்துக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார், பின்னால் நகர்ந்து பார்த்தார், பிறகு மைக்கைக் கையில் வாங்கினார்.

"மணிக்கு முன்னாடியே பந்து கையை விட்டுடுச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். அப்படிப் போன பந்து ஒண்ணு உள்ள விழணும், இல்ல வெளிய விழணும். அதுவரைக்கும் மேட்ச் நடந்துக்கிட்டு இருக்குன்னுதான் அர்த்தம். யாரும் அதைத் தொடக்கூடாது."

எதிர் டீம் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஒரு கம்பெனி டீம். அதன் கோச் சென்னியப்பன், கப்பைத் தூக்க ஓடிய தன் ஆட்களைக் கைகாட்டி நிறுத்தினார். "ரெஃப்ரி சொல்றது நாயம்தானுங்க. வரட்டும், பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் தன் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் கோச் அருமைநாயகம் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

அருமைநாயகம் நாசரேத் பக்கத்திலிருந்து மில் டீமுக்குச் சம்பளக் கோச்சாக வந்தவர், வந்த பிறகு மூன்று ஃபைனல் தோற்றவர். முதல் ஃபைனலில், நாலு ஃபவுல் வாங்கிவிட்ட நெட்டைப் பையன் ஐந்தாவதையும் வாங்கி வெளியே போய்விடுவானோ என்று பயந்து, அவனைப் பெஞ்சிலேயே பத்திரமாக உட்கார வைத்திருந்து, இறக்க வேண்டிய நேரம் தாண்டிப்போன பிறகு இறக்கினார். இரண்டாவதில், தூறல் போடுகிறது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். பையன்கள் சூடாக இருக்கிறார்கள், இன்றைக்கே ஆடிவிடுவோம் என்றார். சூடான பையன்கள் ஈரச் சிமெண்டில் வழுக்கி வழுக்கி விழுந்து தோற்றார்கள். மூன்றாவதில், கடைசிச் சில நொடிகளில் இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தபோது, எறிய வேண்டாம், பந்தைக் கையிலேயே வைத்திருங்கள் என்று கத்தினார். வைத்திருந்தார்கள், எதிராளி பறித்துக்கொண்டு போய் மூன்று பாயிண்டாகப் போட்டான்.

ஜெயித்த டீமை வின்னர் என்றும் தோற்ற டீமை ரன்னர் என்றும் சொல்வது எங்கள் பக்க வழக்கம். மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஊர் அவரை ரன்னர் சார் என்று கூப்பிட ஆரம்பித்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பால்காரர் அருமைநாயகத்தின் மனைவி ஞானப்பூவை, "ரன்னர் சாரம்மா, பாத்திரம் கொண்டாங்க," என்று கூப்பிட்டதும் மரியாதையோடுதான். ஆனால் அருமைநாயகத்துக்கு அது ஒவ்வொரு தடவையும் வலித்தது. அதைவிட வலித்தது ஃபைனல் சாப்பாடு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமுக்கும் மில் கேண்டீனில் ஒரே பந்தியில் சாப்பாடு போடுவார்கள். வின்னர் கோச்சும் ரன்னர் கோச்சும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். கேசரி முதலில் வின்னருக்கு. "தோக்கது கூடப் பரவால்ல. பக்கத்துல இருந்து அந்தக் கேசரியத் திங்கணும் பாத்தியளா, அதுதான் தொண்டைல எறங்க மாட்டேங்கு," என்று அவர் கேண்டீன் மாஸ்டரிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

பந்து நின்றுபோன அன்று கேண்டீன் மாஸ்டருக்குப் பெரிய குழப்பம். யாருக்கு முதலில் பரிமாறுவது? கடைசியில் இரண்டு ஆட்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, ஒரே நேரத்தில் இரண்டு கரண்டி கேசரியை இரண்டு இலையிலும் விழ வைத்தார். அருமைநாயகம் அன்று இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் வெளியூர் ஜனம் வேன் பிடித்து வந்தது, டிவிக்காரர்கள் வந்தார்கள், ஒரு காலேஜிலிருந்து கருவிகளோடு சிலர் வந்து அளந்துவிட்டு, பந்து நிற்கிறது என்று எங்களிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு ஊர் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. அம்மன் சப்பரம் மைதானத்தைத் தாண்டும்போது பந்துக்குக் கீழே வராமல் சுற்றிக்கொண்டு போனது. மைக் செட்காரர் சீரியல் லைட்டை அதற்குப் பக்கத்தில் இழுக்காமல் ஒதுக்கி இழுத்தார். ஆடிக் காற்றில் பட்டம் விடுகிறவர்களை வாட்ச்மேன் விரட்டினார். ஒரு காக்கை தினமும் மத்தியானம் வந்து பந்தின் மேல் உட்கார ஆரம்பித்தபோது, அது தொட்டதாகுமா என்று உதுமானைக் கூட்டிவந்து கேட்டார்கள், காக்கை இரண்டு டீமிலும் பதிவான ஆட்டக்காரர் இல்லை, ஆகவே ஆகாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். வெயில் அடித்தது, மழை பெய்தது, வளையம் துருப்பிடித்தது, பலகையின் பெயிண்ட் உரிந்தது, பந்து மட்டும் கடையில் வாங்கிய நிறத்திலேயே இருந்தது.

ஹைஸ்கூல் கணக்கு டீச்சர் நூல் பிடித்து, கோணம் போட்டு, அது உள்ளேதான் விழும் என்று நிரூபித்தார். மில்லில் ஃபிட்டராக இருக்கும் ஒருவர் அதே நூலைப் பிடித்து, அது வெளியேதான் விழும் என்று நிரூபித்தார். அன்றிலிருந்து ஊர் உள்ளேகாரர்கள், வெளியேகாரர்கள் என்று இரண்டாகப் பிரிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தோடு இதையும் கேட்டார்கள். ஓர் உள்ளேகார வீட்டுப் பெண் தெரியாமல் வெளியேகார வீட்டுக்கு மருமகளாகப் போய்விட்டாள். மாமியாரோடு பேச வேறு எதுவும் இல்லாத நாட்களில் இதைப் பேசிக்கொண்டு நன்றாகவே காலம் தள்ளினாள். வின்னர் கப் யாருக்கும் சேராததால் போலீஸ் ஸ்டேஷனில், திருடர்களிடம் பிடித்த சைக்கிள்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

மேட்ச் முடியாமல் ரெஃப்ரி மைதானத்தை விட்டுப் போகக்கூடாது. உதுமான் சட்டத்தில் கெட்டியான மனிதர். முதலில் மைதானத்துக்கு எதிரே ஒரு ரூம் எடுத்துத் தங்கினார், பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவந்தார், பிறகு அதே ரூமில் ஒரு தையல் கடை வைத்தார். பனியன் துணியில் விளையாட்டு ஜெர்ஸி தைப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தைப்பார், ஊசியில் நூல் கோக்கும்போதுகூட ஒரு கண் ஜன்னல் வழியாக மேலே இருக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த வருஷங்களில் அருமைநாயகம் சந்தோஷமாக இருந்தார். மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போது கோச்சை மாற்ற முடியாது என்பதால் மில் நிர்வாகம் அவரைத் தொடவில்லை. நாலாவது ஃபைனலை இன்னும் தோற்காத ஆளை ரன்னர் என்று சொல்வது சரியில்லை என்று ஊருக்கே பட்டு, யாரும் சொல்லாமலே எல்லோரும் அவரை அருமைநாயகம் சார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். காலையில் மில்லுக்குப் பின்னால் போட்ட புது கோர்ட்டில் பையன்களைப் பழக்குவார். சாயங்காலம் வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு பழைய கோர்ட்டுக்கு வந்து, தன் பெஞ்சில், தன் இடத்தில் உட்காருவார். நடந்துகொண்டிருக்கிற மேட்ச்சுக்குக் கோச் இல்லாமல் இருக்கலாமா? உள்ளேயா வெளியேயா என்று யாராவது அவரிடம் கேட்டால், "விழட்டும், பாப்போம்," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

பிறகு அவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் தூத்துக்குடி மிக்கேல் பர்னாந்து. ஒரு பெரிய கிளப்புக்குச் சம்பளக் கோச்சாக இருந்து, மாநில ஃபைனலில் டைம்-அவுட்டை எல்லாம் சின்னச் சின்னக் கோபத்துக்குச் செலவழித்துவிட்டு, உண்மையிலேயே தேவைப்பட்ட கடைசி நிமிஷத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்று தோற்றவர். மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை அருமைநாயகத்தின் பெஞ்சுக்குப் பின்னால் விரித்து, பந்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். "தோத்த நாள்லேருந்து இன்னைக்குத்தான் அண்ணாச்சி எனக்கு நெஞ்சுல பாரம் இல்லாம இருக்கு," என்றார் கிளம்பும்போது. மறு வாரம் மூன்று பேரோடு வந்தார்.

கேரளத்திலிருந்து வந்தார்கள், பெங்களூரிலிருந்து வந்தார்கள், ஹைதராபாத்திலிருந்து ஒருவர் இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி வந்தார். எல்லோரும் சம்பளத்துக்குக் கோச் வேலை பார்த்தவர்கள், எல்லோரும் ஃபைனல் வரை போனவர்கள், எல்லோரும் அங்கே தோற்றவர்கள். அரையிறுதியில் தோற்றவர் ஒருவரும் வந்து சேர்ந்தார். அவரை மரியாதையாகப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனால் சாக்பீஸ் எடுத்துச் சிமெண்ட் தரையில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு, அன்றைக்கு இவனை இங்கே நிறுத்தியிருக்க வேண்டும், அவனை அங்கே ஓடச் சொல்லியிருக்க வேண்டும் என்று காட்டும்போது எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. சாக்பீஸ் கோடுகளை மழை அழித்தது, அவர்கள் மறுபடி போட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் லாட்ஜ்காரர் மேலே ஒரு மாடி கட்டினார். தோற்றவர்களுக்கு நடுவே அருமைநாயகம் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தால், கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமன் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் நடுவே தவசிமுத்து என்ன ஆனான் என்று ஊர் அதிகம் கவனிக்கவில்லை. அவன் தாய் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். அவனும் மில் கூலியாகவே டீமில் ஆடிக்கொண்டிருந்தான். ஃபைனலுக்கு முன்னால் எங்கிருந்து எறிந்தாலும் போடுகிற பையன் என்று பெயர் எடுத்தவன். அந்த ஃபைனலுக்குப் பிறகு எந்த மேட்ச்சிலும், பந்து கைக்கு வந்ததும் கையைத் தூக்குவான், ஒரு தரம் மேலே பார்ப்பான், பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவான். பெருந்தன்மை வந்துவிட்டது என்று ஊர் சொன்னது. அருமைநாயகம் அவனை எறியச் சொல்லி ஒருநாளும் அதட்டவில்லை. அவன் எறிகிற விதத்தைப் பற்றியே அவர் பேசுவதை விட்டிருந்தார்.

சென்னையில் ஒரு பெரிய அரசு ஆபீஸ் டீம் அவனை வேலையோடு கூப்பிட்டது. கூடைப்பந்துச் சங்கத்தில் கேட்டபோது, முடியாத மேட்ச்சில் ஆடிக்கொண்டிருக்கிற ஆட்டக்காரரை வேறு டீமில் பதிவு செய்ய முடியாது என்றார்கள். அன்று கோர்ட்டில் நின்ற மற்ற ஒன்பது பேரும் அந்தந்த மில்லிலும் கம்பெனியிலுமே வேலையாகிவிட்டவர்கள். அவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த வருஷமும் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள், அதே பதில். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது தவசி சாயங்காலம் பழைய கோர்ட்டுக்கு வந்து, தோற்றவர்களின் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு, அருமைநாயகத்தின் முன்னால் நின்றான்.

"என்னல?"

"சென்னையிலருந்து திரும்பக் கூப்பிட்டாங்க சார். இந்த மாசத்துக்குள்ள சேரணுமாம். அப்புறம் வயசு தாண்டிரும்னு சொல்றாங்க."

"விழுந்துரும்ல. கொஞ்சம் பொறு."

"போன தடவையும் அதான் சார் சொன்னீங்க."

அருமைநாயகம் மேலே பார்த்தார். தவசி பார்க்கவில்லை. அவன் தரையில் இருந்த சாக்பீஸ் கோடு ஒன்றைச் செருப்பால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க விட்டுக்கொடுத்துட்டா மேட்ச் முடிஞ்சிரும்னு உதுமான் சார் சொல்றாரு. நான் கேக்கல சார். அவரா சொன்னாரு. அதைச் சொல்லலாம்னுதான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மிக்கேல் பர்னாந்து எழுந்து வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சில் உட்காரும் உரிமை அவருக்குக் கிடையாது, இதுவரை உட்கார்ந்ததும் கிடையாது.

"அண்ணாச்சி, அவசரப்பட்டுராதிய. நாங்க எல்லாம் தோத்தவங்க. எங்களுக்கு முடிஞ்சுபோச்சு. நீங்க ஒருத்தருதான் இன்னும் தோக்காம இருக்கிய. உங்களப் பாத்துத்தான் நாங்க அவனவன் வீட்டுல தலைநிமிந்து சோறு திங்கோம். பையனுக்கு இந்த வேலை இல்லன்னா இன்னொண்ணு வரும். இது இன்னொண்ணு வருமா?"

ஹைதராபாத்காரர் அருமைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொன்னார். அருமைநாயகத்துக்குப் பாஷை புரியவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது புரிந்தது.

வீட்டில் ஞானப்பூ இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தார். ஆவாரம்பேட்டையில் ஒரு செய்தி மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வேகத்தில் எந்த மனிதனும் நடக்க முடியாது. அருமைநாயகம் செருப்பைக் கழற்றும் முன்பே ஞானப்பூவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"என்ன செய்யப் போறிய?"

"அது உள்ள விழுந்தா?"

"விழுந்தா நல்லதுதான். நீங்க அந்தப் பந்தையே பாக்கிய. நான் அந்தப் பையனப் பாக்கேன். அவன் கையத் தூக்கி எறிஞ்சு எவ்வளவு காலமாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அது அருமைநாயகத்துக்குத் தெரியாமல் இல்லை.

"நாலாவது தடவையும் தோத்துருவேன், ஞானப்பூ."

"மூணு தடவை தோத்துட்டு வந்தியள்ளா? நான் என்ன, உங்களுக்குச் சோறு பொங்காம இருந்தனா?" என்று கேட்டுவிட்டு அவர் மாவுப் பாத்திரத்தை மூடினார்.

மறுநாள் அருமைநாயகம் சென்னியப்பனுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் தன் கம்பெனி வேனில் டீமோடு வந்து இறங்கினார். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு டீமும் பழைய ஜெர்ஸி போட்டுக்கொண்டு கோர்ட்டில் இறங்கின. பலருக்கு வயிறு போட்டு ஜெர்ஸி இறங்க மறுத்ததால் உதுமான் பக்கவாட்டில் துணி வைத்துத் தைத்துக்கொடுத்திருந்தார். உள்ளேகாரர்கள் ஒரு பக்கக் கேலரியிலும் வெளியேகாரர்கள் எதிர்ப் பக்கத்திலும் நிறைந்தார்கள். தோற்றவர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

அருமைநாயகம் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று கேட்டதும் சென்னியப்பன் கைகுலுக்கக் கையை நீட்ட மறுத்தார்.

"இப்படி ஜெயிச்சு நான் என்னத்தப் பண்றதுங்க? எனக்கொண்ணும் அவசரமில்லீங்க. பந்து எறங்கட்டும். உள்ள போச்சுன்னா நீங்க எடுத்துக்கோங்க கப்ப."

"உங்களுக்கு அவசரமில்ல. எனக்கும் இல்ல. அந்தா நிக்கான் பாருங்க, அவனுக்கு இருக்கு."

சென்னியப்பன் தவசியைப் பார்த்தார். தவசிக்கு அந்த ஜெர்ஸி, துணி வைத்துத் தைக்காமலே, இன்னும் சரியாக இருந்தது.

"எனக்காவ ஒரு தடவை ஜெயிச்சுக்கிடுங்க, சென்னியப்பன்," என்றார் அருமைநாயகம். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. நாலு ஃபைனல் தோற்ற மனிதனிடமிருந்து வாய்விட்டு ஒரு வெற்றியை வாங்கிக்கொள்வது சென்னியப்பனுக்கும் லேசாக இல்லை. இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் இருந்தார்.

உதுமான் விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்து ஊதினார். அவ்வளவு காலம் ஊதாத விசில் முதலில் காற்றாக வந்து பிறகு சத்தமாக வந்தது. ஊரே மேலே பார்த்தது. பந்து விழவில்லை.

இது கொஞ்சம் ஏமாற்றம்தான். விசில் ஊதினால் விழும் என்று எல்லோரும் மனதுக்குள் நினைத்திருந்தோம். சென்னியப்பன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக் கப்பை வாங்கிக்கொண்டார், கேண்டீனில் வழக்கப்படி பந்தி போட்டார்கள், வழக்கப்படி பரிமாறினார்கள், அருமைநாயகம் இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவுகிற இடத்தில் கேண்டீன் மாஸ்டர், "தண்ணி அந்தப் பைப்புல வராது, ரன்னர் சார், இதுல பிடிங்க," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

தோற்றவர்கள் அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். தோற்றுப்போன ஃபைனலுக்குக் கீழே உட்காருவதற்கு இவ்வளவு தூரம் வருவானேன், அது அவரவர் ஊரிலேயே இருக்கிறதே என்று லாட்ஜ்காரரிடம் ஒருவர் சொன்னாராம். மிக்கேல் பர்னாந்து அருமைநாயகத்திடம் சொல்லிக்கொள்ளாமலே போனார். அவருடைய மடக்கு நாற்காலி பல நாள் அங்கேயே கிடந்தது, பிறகு வாட்ச்மேன் எடுத்துக்கொண்டார். உதுமான் திருச்சிக்குத் திரும்பலாம் என்று பெட்டி கட்டினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டோம் என்றார்கள், தீபாவளி ஆர்டரும் பாக்கி இருந்தது, ஆகவே பெட்டியை அவிழ்த்துவிட்டார்.

தவசி சென்னைக்குக் கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாண்டில் அருமைநாயகத்தின் காலைத் தொடக் குனிந்தான். "ஏல, எழும்பு, சீட்டுப் பிடி முதல்ல," என்று அவர் அவனை பஸ்ஸுக்குள் தள்ளிவிட்டார். பஸ் போன பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். அவனை அவருக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மேட்ச் முடிந்துவிட்டதால் பழைய கோர்ட்டை ஆடாமல் போட்டு வைக்கக் காரணம் இல்லை. அருமைநாயகம் சிமெண்ட் விரிசலில் முளைத்திருந்த புல்லைச் செதுக்கி, கோடு போட்டு, மில் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு அங்கே பழக்க ஆரம்பித்தார். யாரும் பந்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், அவர் எதிர்ப் பக்க வளையத்தில் ஒரு பெண்ணுக்கு ஓடிவந்து போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பியபோது பந்து வளையத்தின் முன் விளிம்பில் பட்டு வெளியே தெறித்து, தரையில் நாலைந்து தடவை குதித்து, சாக்கடை ஓரமாக உருண்டுபோய் நின்றது. அவர் நடந்துபோய் அதை எடுத்தார். காற்று குறையவில்லை. எறிந்தவனின் விரல் ஈரம் அதில் இன்னும் காயாமல் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் ஊர் கூடிவிட்டது. வெளியேகாரர்கள் வெடி போட்டார்கள், உள்ளேகாரர்கள் காற்று அடித்திருக்கும் என்றார்கள், கணக்கு டீச்சர் நூலைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போனது. கலைந்து போகும்போது வெளியேகாரர்களின் முகமும் அவ்வளவு பிரகாசமாக இல்லை.

அன்றே சென்னையிலிருந்து போன் வந்தது. ஞானப்பூ ஸ்பீக்கரில் போட்டார். அருமைநாயகத்தின் காதுக்கு அப்படிப் போட்டால்தான் கேட்கும். வாசலில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"சார், விழுந்துருச்சாமே."

"ஆமால."

உள்ளேயா வெளியேயா என்று அவன் கேட்கவே இல்லை என்பது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அருமைநாயகமே சொன்னார்.

"முன் விளிம்புல பட்டு வெளிய வந்துட்டு. எட்டல. கால் முட்டிய மடக்காம கையால மட்டும் எறிஞ்சிருக்க."

"கையை விட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு சார்," என்றான் தவசி. "எட்டாதுன்னு அப்பவே தெரியும். நீங்க தினமும் அங்க வந்து உக்காந்திருந்தீங்க. அதனால சொல்லல."

அருமைநாயகம் போனைப் பார்த்தார், ஞானப்பூவைப் பார்த்தார், வாசலில் நின்ற எங்களையும் பார்த்தார். எங்களை விரட்டவில்லை.

"எனக்கும் அப்பவே தெரியும்ல," என்றார். "நீ எறியும்போதே உன் முட்டியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஞானப்பூ போனைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அருமைநாயகம் மைதானத்தில் பேசுகிற குரலில் பேசினார்.

"காலையில எந்திச்சு எறிஞ்சு பழகு. முட்டி நல்லா மடங்கணும். கேட்டியா?"

"சரி சார்."

"பந்து வந்தா எறி. பக்கத்துல நிக்கவன்ட்டக் குடுத்துட்டு நிக்காத."

"சரி சார்."

அடுத்த மாதம் சென்னையில் நடந்த ஒரு மேட்ச்சை டிவியில் காட்டினார்கள். நாங்கள் எல்லோரும் ரன்னர் சார் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். தவசி எறிந்தான். திரும்பத் திரும்ப எறிந்தான். சில உள்ளே விழுந்தன, சில வெளியே விழுந்தன, எல்லாமே கீழே வந்தன.